மகுடம், மின்னிசை, செவி

மின்னணு இசை செய்வதில் எது கடினம் என்ற கேள்விக்கு, அதில் ஈடுபட்டிருப்பவர்கள் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். நானும் ஆறு வருஷங்களாக, வங்கிக் கவுண்டரை மூடிவிட்டு வந்து, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆலங்குளத்தில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இந்தக் காரியத்தைச் செய்துவருகிறேன். கீழ் ஸ்தாயி ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சேறாகிவிடும். ஹெட்ஃபோனில் கேட்டது ஸ்பீக்கரில் வேறொன்றாக இருக்கும். தொடங்கிய எதுவும் முடியாது. எல்லாம் வாஸ்தவமே. எல்லாம் பழக்கத்தால் ஓரளவு தீரக்கூடியவையும்கூட. சென்ற சித்திரையில் என் தாயாருடைய ஊரில் நடந்த கொடைக்குப் பிறகு, இவற்றைக் கடினம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அன்று நான் சந்தித்த பிரச்னை தார்மீகமானது. அதை இசையின் பிரச்னையிலிருந்து பிரித்துப் பார்க்க எனக்கு இன்றுவரை முடியவில்லை.

கொடை பற்றித் தெரியாத நண்பர்களுக்காகச் சில வார்த்தைகள். திருநெல்வேலிப் பக்கத்தில் சுடலைமாடன் கோவில்களில் கணியான் கூத்து நடக்கும். அண்ணாவி கதை பாடுவார், பின்பாட்டு ஒருவர், பெண்வேஷம் கட்டி ஆடுபவர்கள் இருவர், மகுடம் அடிப்பவர்கள் இருவர். மகுடம் என்பது மரச்சட்டத்தில் தோல் போர்த்திய வாத்தியம். இரண்டு மகுடங்களில் ஒன்று உச்சம், ஒன்று மந்தம். குச்சி கிடையாது, வெறுங்கைதான். ராத்திரி ஈரத்தில் தோல் தொய்ந்துபோகும்போது தீ மூட்டிக் காய்ச்சுவார்கள். சாமக்கொடையில், சாமியாடிக்கு அருள் வரவேண்டிய நேரத்தில், மற்றதெல்லாம் பின்வாங்கி மகுடம் மட்டும் முன்னால் வரும்.

எங்கள் ஊருக்கு வழக்கமாக வரும் கூட்டம் சென்ற வருஷம் வரவில்லை. ஒரே செவ்வாய்க்கிழமையில் எட்டு ஊர்களில் கொடை. இரண்டு மகுடக்காரர்களில் ஒருவர் இறந்துபோனார்; மற்றவருக்கு எழுபது தாண்டிவிட்டது, ராமுழுக்க நின்று அடிக்க முடியாது. வரிதாரர்கள் கூடிப் பேசினார்கள். என் தாய்மாமன் ஒரு வழி கண்டுபிடித்தார். “ஏ மருமவனே, நீதான் கம்ப்யூட்டர்ல என்னமோ கொட்டு போடுதியே. நம்ம மகுடத்தையும் அதுல போட்டுக் குடுத்திரு.”

நான் மறுத்திருக்கலாம். மறுக்காததற்குக் காரணம் பக்தி அல்ல, ஊர்ப்பற்றும் அல்ல. எனக்கு அது ஒரு சவாலாகத் தோன்றியது. அந்தச் சொல்லின் அற்பத்தனம் அப்போது உறைக்கவில்லை.

அந்த எழுபது வயதுக்காரர் எங்கள் வங்கிக்கு வருபவர்தான். நலிந்த கலைஞர்களுக்கான அரசு உதவித்தொகை அவர் கணக்கில் மாதாமாதம் விழும். கேட்டதும் ஒப்புக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகுடத்தோடு வந்தார். மாடியில் வேண்டாம் என்று கீழே கொல்லையில் தென்னை ஓலையைக் கொளுத்தித் தோலைக் காட்டினார். “தோலு சூடேறாம பேசாது சார்” என்றார். இரண்டு மணி நேரம் அடித்தார். நான் பதிவு செய்தேன். இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். ஒரு இரவுக் கொடைக்கு அவர் வாங்கக்கூடியதில் பாதிகூட அல்ல அது. வேலையும் இரண்டு மணி நேரம்தானே என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். அந்தக் கணக்கில் ஒரு தவறு இருந்தது: அவர் இரண்டு மணி நேரம் அடித்தார், நான் அவரை எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் அடிக்க வைக்கலாம்.

பிறகு மூன்று வாரங்கள் வெட்டினேன். விரல் அடி, உள்ளங்கை அடி, விளிம்பு அடி, அழுத்தி விட்ட அடி என்று இருநூறுக்கும் மேற்பட்ட அடிகளைத் தனித்தனியே பிரித்தேன். ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் இயந்திரத் துப்பாக்கி சுடுவதுபோல் கேட்கும். தொழிலில் அதற்கு அந்தப் பெயரே இருக்கிறது. அதனால் ஒவ்வொரு அடிக்கும் ஏழெட்டுப் பதிவுகள் வைத்து மாற்றி மாற்றி வரச்செய்வார்கள். அதுவும் செய்தேன்.

அப்புறம் காலம். கம்ப்யூட்டரில் காலம் ஒரு கட்டம்போட்ட நோட்டு. அடிகளைக் கோட்டின்மேல் வைத்தால் துல்லியம். ஆனால் அந்தத் துல்லியம் காதுக்குச் சகிக்காது. ஆகவே மென்பொருள் எழுதியவர்கள் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘மனிதமாக்கு’ என்று வரும். அதை அமுக்கினால் ஒவ்வொரு அடியும் பத்து, பதினைந்து மில்லி செகண்ட் முன்னேயோ பின்னேயோ குருட்டாம்போக்கில் நகரும். ஒன்று சற்று ஓங்கும், ஒன்று சற்று அடங்கும். இதை அமைத்தவர்களின் மனதில் மனிதனைப்பற்றி ஒரு கொள்கை இருக்கிறது: மனிதன் என்பவன் பிழை செய்கிற இயந்திரம். நம்மில் பலர், இயந்திரத்தைக் கண்டித்து எழுதுகிறவர்கள் உட்பட, இந்தக் கொள்கையை யோசிக்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ‘உயிருள்ள வாசிப்பில் சின்னச் சின்னக் குறைகள் இருக்கும், அதுவே அழகு’ என்று எழுதாத சங்கீத விமர்சகர் உண்டா?

அந்தப் பெரியவரின் இரண்டு மணி நேரப் பதிவை அளந்து பார்த்தபோது எனக்குக் கிடைத்தது வேறு. அவர் அடி பிந்துகிற இடங்கள் குருட்டாம்போக்கில் இல்லை. கொல்லையில் என் மனைவி காப்பி கொண்டுவந்த இடத்தில் கை தணிந்திருக்கிறது. தெருவில் ஒரு லாரி போன இடத்தில் விளிம்பு அடி கூர்மையாகியிருக்கிறது. என் சின்ன மகள் கதவோரம் வந்து நின்று தலையாட்டிய இடத்தில் — ஒலிப்பதிவில் அவள் குரலும் இருக்கிறது — ஐந்து நிமிஷம் காலம் மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. அவர் பிழை செய்யவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கை கோட்டைவிட்டு விலகிய ஒவ்வொரு இடத்திலும் வெளியே ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த ராத்திரியே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கண்டுபிடித்ததையே ஒரு உத்தியாக மாற்றிக்கொண்டேன். முந்தைய வருஷக் கொடையை யாரோ போனில் எடுத்திருந்த வீடியோவை வாங்கி, சாமக்கொடையில் காலம் எப்படி ஏறுகிறது என்று அளந்து, அதே வளைவைக் கம்ப்யூட்டரில் வரைந்தேன். நிமிஷத்துக்கு 96 அடியில் தொடங்கி 168இல் போய் நிற்கும் வளைவு.

ஆனால் வரலாற்றில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1969இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மின்னணு இசைக்கென்று ஒரு ஸ்டூடியோ திறந்தார்கள். அமெரிக்கப் பியானோக் கலைஞரும் மின்னிசைக்காரருமான டேவிட் டியூடர் வந்து ஒரு மூக் சிந்தஸைஸரை நிறுவிக் கொடுத்தார். அதற்குப் பின்னால் இருந்தவர் கீதா சாராபாய். 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய சங்கீதம் சொல்லிக் கொடுத்து, பதிலுக்கு அவரிடம் மேற்கத்திய சங்கீதம் கற்றவர். இசை எதற்கு என்று கேஜ் கேட்டபோது, மனதை அடக்கி அமைதியாக்கி மேலான ஒன்றை வாங்கிக்கொள்ளும் தகுதியைத் தருவதற்கு என்று தன் குரு சொன்னதை அவர் சொல்லியிருக்கிறார். கேஜே இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த ஸ்டூடியோவில் ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் நாடாவில் இசை செய்தார்கள். சில வருஷங்களிலேயே அது ஓய்ந்துபோயிற்று. நாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடந்து, பால் பர்கஸ் என்பவர் கண்டெடுத்து, 2023இல் ஒரு தொகுப்பாக வெளியாயின.

அவற்றைக் கேட்கும்போது எனக்குத் தோன்றுவது: அவர்களுடைய கஷ்டங்கள் ஸ்தூலமானவை. நாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்ட வேண்டும். வெட்டியது வெட்டியதுதான். வயரைப் பிடுங்கினால் அந்த ஒலி போய்விட்டது. நாளைக்கு அதே ஒலியைக் கொண்டுவருவது சந்தேகம். பொருள் அவர்களை எதிர்த்து நின்றது. 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். சினிமாவில் வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர். ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-808, டிபி-303, ஜுபிடர்-8 என்று மூன்று கருவிகள்தாம். அன்று கேட்பாரில்லை, 2010இல் மறுபதிப்பு வந்த பிறகு உலகமே ஆச்சரியப்பட்டது. அவர் கையில் இருந்தவை மூன்று இயந்திரங்கள் மட்டும் அல்ல, ராகம் என்கிற சட்டமும் இருந்தது. எந்த ஸ்வரம் கூடாது என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. அது அவருக்கு முன்பே தீர்மானமாகியிருந்தது.

இன்று என் மேஜையில் இருப்பதற்கு எதிர்ப்பே இல்லை. எந்த ஒலியும் உண்டு. எதையும் அழிக்கலாம், அழித்ததை மீட்கலாம், மீட்டதை மறுபடி அழிக்கலாம். வங்கியில்கூட இந்தச் சலுகை கிடையாது. ஒரு தவறான பதிவு போட்டுவிட்டால் அதை அழிக்க முடியாது, எதிர்ப்பதிவு போடலாம், இரண்டும் கணக்கில் நிற்கும், யார் போட்டது என்ற விவரத்தோடு. மகுடக்காரர் செய்வதும் அதுதான். கை நழுவிய அடியை அவர் திரும்பப் பெற முடியாது. அடுத்த அடியால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில்தான் பல சமயம் புதிய நடையாக மாறுகிறது.

எதிர்ப்பு இல்லாத இடத்தில் ‘போதும்’ என்று சொல்லப்போவது யார்? செய்பவனின் செவிதான். இங்கே எனக்கு எங்கள் பக்கத்து ரசிகமணி ஞாபகம் வருகிறது. டி. கே. சி. குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் செவிக்கு ஒவ்வாத கம்பன் பாடல்களையெல்லாம் இடைச்செருகல் என்று தள்ளினார். ஏடுகளைவிடத் தன் காது பெரிய ஆதாரம் என்று நம்பினார். அந்தத் துணிச்சலை நான் ஒருபோதும் ஏற்றதில்லை, இன்னும் ஏற்கவில்லை. ஆனால் மின்னிசை செய்யும் ஒவ்வொரு பையனும் இன்று டி. கே. சி.யின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான் — எதிரே கம்பன் மட்டும் இல்லை. தள்ளவேண்டியது கோடிக்கணக்கில் இருக்கிறது. எதிலிருந்து தள்ளுவது என்பதற்கு ஒரு மூலம் இல்லை. பாட்டுகள் முடியாமல் நாற்பது வடிவங்களாகக் கம்ப்யூட்டரில் கிடப்பதன் காரணம் சோம்பல் அல்ல.

இயந்திரம் என்றாலே முகம் சுளிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை என்று சொல்லிவிடுகிறேன். 1970களின் இறுதியில் பெங்களூரில் மின்னணுத் தம்புரா செய்தார்கள். இன்று கர்நாடகக் கச்சேரி மேடையில் சுருதிப்பெட்டி இல்லாத இடம் அபூர்வம். யாரும் அபசாரம் என்று சொல்வதில்லை. ஏன்? சுருதியிடம் நாம் கேட்பது நிலையாக நிற்கவேண்டும் என்பது மட்டும்தான். அது பாடகரைக் கவனிக்க வேண்டியதில்லை. (தம்புரா வாசித்த யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும்.) அதே சமயம், பல கோவில்களில் மோட்டார் போட்டு மணியும் முரசும் சேர்ந்து அடிக்கிற ஒரு கருவியை மாட்டியிருக்கிறார்கள். தீபாராதனை நேரத்தில் ஸ்விட்சைப் போட்டால் ஊரே அதிரும். அதில் மின்னணு எதுவும் இல்லை, சும்மா சக்கரமும் சுத்தியலும். ஆனால் அது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆரத்தி நீண்டாலும் குறுகினாலும் அதற்குத் தெரியாது; ஸ்விட்சை அணைக்கும்வரை அடிக்கும். அப்படியானால் கேள்வி மின்சாரம் பற்றியது அல்ல, கேட்கிறதா கேட்கவில்லையா என்பது பற்றியது.

1983இல் வாத்தியங்கள் தமக்குள் பேசிக்கொள்ள மிடி என்ற ஒரு பொது மொழியை ஏற்படுத்தினார்கள். 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கம்ப்யூட்டரைக் கொண்டு இசையமைத்தபோது நம் ஊர்க் காதுகளுக்கு அந்த உலகம் பரிச்சயமாயிற்று. 1992இல் ‘ரோஜா’வுக்குப் பிறகு அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அந்த மொழி எந்தக் கட்டை, எவ்வளவு பலம், எப்போது விட்டது என்பதைச் சொல்லும். பலத்துக்கு 0 முதல் 127 வரை எண்கள். கமகத்தைக்கூட, பாடுபட்டால், அதற்குச் சொல்லிவைக்கலாம், பலர் சொல்லியிருக்கிறார்கள். நாம் போடுகிற கட்டளையில் இல்லாதது ஒன்றுதான்: எதிரே யார் நிற்கிறார் என்பது. அதை நிரப்ப வேண்டியவன் செய்பவன். அதுவும் முன்கூட்டியே, அந்த எதிராளி வருவதற்கு மூன்று வாரம் முன்னால், ஒரு மாடி அறையில் தனியாக.

சாமக்கொடைக்கு வருகிறேன்.

ராத்திரி பன்னிரண்டரை. ஸ்பீக்கர் கோவிலின் இரண்டு பக்கமும். நான் வேப்பமரத்தடியில் ஸ்டூல்மேல் கம்ப்யூட்டரோடு. சாமியாடி அறுபது வயது மனிதர், பகலில் பீடிக் கடைக்கு இலைக்கட்டு சுமப்பவர். என் மகுடம் தொடங்கியது. கூட்டத்தில் சிலர் ‘ஆள் எங்கே’ என்று தேடியதைப் பார்த்து எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒலி அத்தனை சுத்தமாக இருந்தது.

அருள் வந்தது. இதை மறைக்க நான் விரும்பவில்லை. இயந்திரத்துக்குச் சாமி வராது என்று கதை முடிந்திருந்தால் எனக்கும் உங்களுக்கும் சௌகரியம். வந்தது, நன்றாகவே வந்தது. 140ஐத் தாண்டியபோது அவர் ஆட்டம் உக்கிரமாகிவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் மகுடக்காரர் சாமியாடியின் முழங்காலையும் கண்ணையும் பார்த்துக்கொண்டே இருப்பார். ஏற்றுவார், தாங்காது என்று கண்டால் ஒரு நடை மாற்றி மூச்சுவிட இடம் கொடுப்பார், மறுபடி ஏற்றுவார், கடைசியில் பதனமாக இறக்கிக் கொண்டுவந்து சேர்ப்பார். நான் வரைந்த வளைவு போன வருஷத்து ஆட்டத்தின் வளைவு. போன வருஷத்து உடம்பின் வளைவு. அவர் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். 168இல் அது நின்று நிலைத்தபோது அவர் வாய் திறந்திருந்தது. கால்கள் தாளத்தில் இல்லை. கூட்டம் குலவையிட்டது.

காலத்தைக் குறைக்க ஒரு சிறு பட்டை திரையில் இருந்தது. விரல் அதன்மேல்தான் இருந்தது. எவ்வளவு குறைப்பது, எப்போது, எந்த நடைக்குப் போவது — எனக்குத் தெரியவில்லை. இருநூறு அடிகளை மில்லி செகண்ட் கணக்கில் அறிந்தவனுக்கு ஒரு மனிதனின் முழங்காலைப் படிக்கத் தெரியவில்லை. பயத்தில் சட்டென்று இறக்கினேன். மகுடம் பாதாளத்தில் விழுந்ததுபோல் ஆயிற்று. அவரும் விழுந்தார். தண்ணீர் தெளித்துத் தூக்கினார்கள். பத்து நாள் சுமை தூக்கப் போகவில்லை, முழங்கால் வீங்கியிருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சாமி இந்த வருஷம் ரொம்ப ஆக்ரோஷம் என்றுதான் ஊரில் பேச்சு. மாமா அடுத்த வருஷத்துக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

இதில் என் பொறுப்பு என்ன? நான் அவரைத் தள்ளிவிடவில்லை. இன்னொரு மனிதனின் பரவசத்துக்கு முன்கூட்டியே ஒரு கோடு வரைந்து, அந்தக் கோட்டுக்கு அவனைக் கேட்காமல் அவனை ஒப்புக்கொடுத்தேன். எழுதுகிறவர்களாகிய நாமும் தினமும் இதைத்தானே செய்கிறோம், வாசகன் எங்கே அழவேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து எழுதுகிறோமே என்று ஒரு நண்பர் கேட்டார். வாசகன் புத்தகத்தை மூடிவைக்கலாம். அருள் வந்தவனால் மூடிவைக்க முடியாது. வித்தியாசம் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் நண்பருக்கு முழுமையாகப் பதில் சொல்லிவிட்டதாக நினைக்கவில்லை. சினிமா அரங்கிலும், திருவிழாப் பந்தலிலும், காதில் குமிழை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற நூறு பேரிடமும் மூடிவைக்கும் சுதந்திரம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதும் யோசிக்க வேண்டியது.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெரியவர் உதவித்தொகை எடுக்க வங்கிக்கு வந்தார். கொடைக்கு அவரால் வரமுடிந்திருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தி, போனில் போட்டுக் காட்டினேன். இருந்தது, விழுந்தது, எதையும் சொல்லாமல். காதோடு வைத்து முழுக்கக் கேட்டார். இடதுகை விரல்கள் தொடைமேல் அசைந்துகொண்டிருந்தன. ஒரு இடத்தில் நின்றுவிட்டன.

“சத்தம் நம்ம சத்தந்தான் சார்” என்றார். “ஆனா இது யாரப் பாத்து அடிக்கு?”

நான் பேசவில்லை. அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்து நீட்டினார். பேரன் இப்போதுதான் மந்த மகுடம் பழகுகிறானாம். எதிரே உச்சம் அடிக்க வீட்டில் ஆள் இல்லையாம். இவருக்குக் கை வலிக்கிறதாம்.

“அதுல ஏத்திக் குடுங்க. பய இதுகூட அடிச்சுப் பழகட்டும். வேகமா போற எடத்த மட்டும் வெட்டிருங்க.”

எங்கே வெட்டுவது என்று கேட்டேன். போனை மறுபடி வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, விரலைத் தூக்கிக் காட்டினார். அந்த இடத்தில் வெட்டினேன்.